பிங்கலுக்கு இடமில்லை

"பத்தொன்பது பேரா?" என்று டிவி நிலையத்து ஸ்டோவர் போனில் கேட்ட மாத்திரத்தில் வெர்னா க்ராலுக்குக் காது சுட்டது.

"ஆமா, பத்தொன்பது. எண்ணிப் பாத்துட்டுத்தான் சொல்றேன்."

"இது விவாதமா, பள்ளிக்கூட ஆண்டு விழாவா? எங்க மேடையில எட்டு பேச்சு மேசைதான் நிக்கும். ஒன்பதாவதா ஒரு ஆள் நின்னா கேமராவுல அவரோட காது மட்டும்தான் தெரியும்."

"அந்தப் பத்தொன்பதுல பாதிப் பேருக்குக் காது தெரிஞ்சாலே போதும்."

"எனக்குப் போதாதுங்க. எட்டு பேரைக் கொடுங்க. எந்த எட்டுங்கறது உங்க பாடு."

போனை வைத்துவிட்டான். வெர்னா அந்தப் போனையே ஸ்டோவராக நினைத்து இரண்டு வார்த்தை திட்டினாள்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அந்தத் தொகுதிக்கு வாஷிங்டன் நாடாளுமன்றத்தில் இருந்த பழைய உறுப்பினர், இனி முடியாது என்று ஒருநாள் எழுந்து போய்விட்டார். அவர் உட்கார்ந்திருந்த வரை அந்த நாற்காலியை யாரும் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. அவர் எழுந்ததுதான் தாமதம், டை கட்டத் தெரிந்தவர்கள் எல்லாரும் கட்சி வேட்பாளராகக் கிளம்பிவிட்டார்கள். வழக்கறிஞர்கள் மட்டும் ஆறு பேர். ஒரு பல் டாக்டர். டிவியில் வானிலை சொல்லிக்கொண்டிருந்த ஒருவர். ஒரே பெயரில் இரண்டு பேர். அவர்கள் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள், பேச்சுவார்த்தை கிடையாது.

ஜூன் மாதம் கட்சிக்குள் தேர்தல். அதில் ஜெயிக்கிற ஆள்தான் நவம்பரில் எதிர்க்கட்சியோடு மோதுவார். அதற்கு முன்னால் ஊர் பார்க்க ஒரே ஒரு விவாதம். யார் மேடையேறுவது என்று தீர்மானிக்க மூன்று பேர் கொண்ட குழு. அதில் ஒருவர் குளிருக்குப் பயந்து அரிசோனா போய்விட்டார். இன்னொருவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. மிச்சம் இருந்த குழு வெர்னா.

இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் மேற்பார்வையாளராக இருந்தவள். "உனக்குத் தகுதி இல்லை, போய்ட்டு அடுத்த மாசம் வா" என்று முகத்துக்கு நேரே சொல்வது அவளுக்குப் பழக்கமான வேலை. அப்படிப்பட்டவளுக்கே இந்த வேலை தொண்டையில் சிக்கிய முள்ளாகிவிட்டது. அந்த முள்ளுக்கு ஒரு பெயர் இருந்தது. ஆர்வில் பிங்கல்.

பிங்கல் மாட்டுத் தீவன வியாபாரி. கோடைக்கும் குளிருக்கும் ஏற்ப, வருஷத்துக்கு இரண்டு தரம் நாடே கடிகாரத்தை முன்னே ஒரு மணி, பின்னே ஒரு மணி திருப்பி வைப்பதை ஒழிக்க வேண்டும் என்பதுதான் அவருடைய கொள்கை. வேறு கொள்கை கிடையாது. கழுத்தில் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு திரிவார். போன இலையுதிர் காலத்தில் கட்சியின் பன்றிக்கறி விருந்து நடந்தது. அதை ஏற்பாடு செய்தவள் வெர்னா. நன்றி சொல்ல ஒரு நிமிஷம் என்று மைக்கை வாங்கிய பிங்கல், கறி ஆறிக் கொழுப்பு உறைந்து, விருந்தாளிகள் பாதிப் பேர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும் வரை பேசினார். "மாட்டுக்கு மணி பாக்கத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு வேறு காத்திருந்தார்.

அன்றிலிருந்து வெர்னாவுக்கு அந்தப் பெயரைச் சொல்லாமல் பொழுது விடிந்ததில்லை.

அவள் மனசில் மேடையேற வேண்டிய ஆள் ஒருத்தி இருந்தாள். நாடீன் ஹோல்ட்ஸ், மாவட்டச் செவிலி. அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடிவிட்டார்கள். இப்போது பிரசவ வலி எடுத்தால் பக்கத்து மாவட்டத்துக்கு ஓட வேண்டும். வெர்னாவின் தங்கை மகள் போன ஜனவரியில் பனி கொட்டும்போது, நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்திய லாரியில் பிள்ளை பெற்றாள். தொப்புள்கொடியைக் கட்டியது லாரிக்காரனின் ஷூ கயிறு. நாடீன் அதைப் பற்றிப் பேசத்தான் தேர்தலில் நின்றாள். குழுத் தலைவி யார் பக்கமும் சாயக் கூடாதுதான். வெர்னா சாயவில்லை. நாடீன் அந்த மேடையில் நின்று ஒரு தரம் வாயைத் திறந்தால் போதும், மிச்சத்தை ஊர் பார்த்துக்கொள்ளும் என்று மட்டும் நினைத்தாள்.

முதலில் ஒரு சாதாரண விதி போட்டாள். கருத்துக்கணிப்பில் நூற்றுக்கு ஒரு ஓட்டாவது வாங்கியவர்களுக்குத்தான் மேடை.

கணிப்பு எடுக்கும் பொறுப்பு உள்ளூர்க் கல்லூரிப் பேராசிரியர் நீலுக்கு. ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற மனுஷர். "மொத்தம் நானூறு பேருங்க. ஒவ்வொரு தடவையும் அதே நானூறு பேருக்குத்தான் போன் போடுவோம். அப்பதான் யார் மனசு எப்ப மாறுதுன்னு தெரியும்" என்றார்.

"யார் மனசும் மாற வேண்டாம். எட்டு பேரு கிடைச்சாப் போதும்."

பதினோரு பேர் கிடைத்தார்கள். நாடீன் இருந்தாள். கடைசியில், பதினோராவதாக, பிங்கலும் இருந்தார்.

"இது எப்படி?" வெர்னா தாளை மேசைமேல் அறைந்தாள். "இந்த ஆளுக்கு யாரு ஓட்டுப் போட்டா? மாடா?"

"நாலு பேருங்க. நானூறுல நாலு. சரியா ஒரு சதவீதம்."

"மூணா இருந்திருந்தா?"

"உள்ள வந்திருக்க மாட்டாரு."

"அப்ப மூணுன்னு எழுதுங்க."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கோபப்படும் விதம் அதுதான் போலிருக்கிறது. "அப்படியெல்லாம் எழுத முடியாதுங்கம்மா."

வெர்னா வீட்டுக்கு வந்து அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்தாள். அவள் கணவர் லைல் தூண்டில் சுருளைப் பிரித்து, எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர். ஐந்து வார்த்தைக்கு மேல் பேசினால் தாகம் எடுத்துவிடும்.

"பிங்கல்! கேட்டியா லைல்? பிங்கல் உள்ள வந்துட்டான்! பிங்கல் மேடை ஏறப் போறான்! ஊரு முழுக்கப் பிங்கல் பிங்கல்னு ஆகப் போகுது!"

"ம்" என்றார் லைல்.

"பிங்கலை நிறுத்தாம நான் தூங்க மாட்டேன்."

"சரிதான்" என்றார் லைல். எண்ணெய்ப் புட்டியின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

எப்படியும் பதினொன்றை எட்டாக்க வேண்டும். அதனால் இரண்டாவது விதி. ஒரு சதவீதம் இனி செல்லாது, இரண்டு வேண்டும். அதோடு, ஐந்நூறு பேரிடமிருந்து நன்கொடையும் வாங்கிக் காட்ட வேண்டும், ஒரு டாலராக இருந்தாலும் சரி. மாட்டுத் தீவனம் விற்கிறவனுக்கு ஐந்நூறு பேர் எங்கிருந்து வருவார்கள்?

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உள்ளூர் வானொலியில், காலை நிகழ்ச்சியில் வந்து புது விதியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லும்படி கூப்பிட்டார்கள். வெர்னா போனாள். இரண்டு வார்த்தை சொன்னாள். மூன்றாவது வார்த்தை பிங்கல்.

"இந்த விதி எதுக்குன்னு வெளிப்படையாவே சொல்றேனே! கழுத்துல கடிகாரத்தை மாட்டிக்கிட்டு ஒரு ஆள் சுத்துறாரு. பேரு பிங்கல். பி… ங்… கல். இந்த மாதிரிக் கோமாளிங்கள்லாம் மேடை ஏறக் கூடாதுன்னுதான்."

"கடிகாரமா? எதுக்குக் கடிகாரம்?" என்று நிகழ்ச்சிக்காரன் ஆர்வமாகிவிட்டான்.

"வருஷத்துக்கு ரெண்டு தரம் மணியைத் திருப்பறோமே, அதை நிறுத்தணுமாம். அது ஒரு கொள்கையா? புள்ளைங்க தூக்கம் கெடுதாம், மாடு பால் குறைக்குதாம், பெருசுங்களுக்கு நெஞ்சுவலி வருதாம்…" ஆத்திரத்தில் அந்த ஆளின் கொள்கை முழுவதையும் ஒன்று விடாமல், பிங்கலைவிடத் தெளிவாக, காலை நேரத்தில் காரில் போகிற மொத்த மாவட்டத்துக்கும் எடுத்துச் சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமைதான் மார்ச் மாதத்துக் கடிகாரம் ஒரு மணி முன்னே போனது. திங்கட்கிழமை ஊரே தூக்கக் கலக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டு, பிள்ளைகளை இருட்டில் பள்ளிப் பேருந்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. பேராசிரியர் நீல் இரண்டாவது கணிப்புக்குப் போன் போட ஆரம்பித்ததும் அதே திங்கட்கிழமை. தேதியைக் குறித்துக் கொடுத்தவள் வெர்னா.

பிங்கலுக்கு நன்கொடை குவிந்தது. எல்லாம் ஒற்றை டாலர். ஒரு தாய் ஒரு டாலரோடு சீட்டு வைத்திருந்தாளாம்: 'இருட்டிலேயே எழுப்பப்பட்ட என் குழந்தை சார்பாக.'

முடிவு வந்தபோது ஏழு பேர் சுலபமாகத் தேறியிருந்தார்கள். ஆறு வழக்கறிஞர்களும் வானிலைக்காரரும். எட்டாவது இடத்தில் இரண்டு பேர், ஒரு ஆள்கூட முன்பின் இல்லாமல் சரிக்குச் சரி. நாடீன் ஹோல்ட்ஸ். ஆர்வில் பிங்கல்.

வெர்னா ஸ்டோவருக்குப் போன் போட்டாள். "ஒன்பதாவது மேசை ஒண்ணு போடுங்க."

"காது கதையை மறந்துட்டீங்களா?"

"மேசையைக் கொஞ்சம் ஒடுக்கிப் போடுங்களேன்."

"வக்கீலுங்க ஒடுங்குவாங்களா? ஆறு பேரும் ரெண்டு ஆள் அகலம்."

அப்புறம் ஸ்டோவரே ஒரு யோசனை சொன்னான். தேறாதவர்களை எல்லாம் சேர்த்து மத்தியானம் ஒரு சின்ன விவாதம் வைக்கலாம். அதில் நன்றாகப் பேசுகிறவரைச் சாயங்காலம் ஒன்பதாவது ஆளாக ஒரு கேள்விக்கு மட்டும் கூப்பிடலாம். வெர்னாவுக்கு அது பிடித்திருந்தது. நாடீனையும் பிங்கலையும் மத்தியானத்தில் மோதவிட்டால் நாடீன் ஊதித் தள்ளிவிடுவாள்.

அறிவிப்பு வெளியான அரைமணியில் பல் டாக்டர் போனில் வந்தார்.

"மத்தியானமா? நாங்க என்ன குழந்தைங்க மேசையா? நன்றி கூறும் நாள் விருந்துல பெரியவங்க எல்லாம் வான்கோழி சாப்பிட, சித்திப் புள்ளைங்களோட மூலையில உக்காந்து நாங்க மக்ரோனி சாப்பிடணுமா?"

"டாக்டர், உங்களுக்கு ஒரு சதவீதம்கூட வரலை."

"எனக்கு ஓட்டுப் போடறவங்க வாயில பஞ்சு வெச்சிருப்பாங்கம்மா! போன்ல எப்படிப் பேசுவாங்க?"

பெயர் ஒன்றான அந்த இரண்டு பேரும் ஜென்மத்தில் முதல் தடவையாக ஒன்றுசேர்ந்து ஒரே வக்கீலை வைத்து நோட்டீஸ் அனுப்பினார்கள். மத்தியான விவாதம் கைவிடப்பட்டது. எட்டாவது மேசை யாருக்கு என்பது அப்படியே நின்றது.

கட்சியின் மாவட்டத் தலைவர், அதுவரை எந்தப் பக்கமும் தலைகாட்டாதவர், இப்போது மட்டும் போன் செய்தார். "வெர்னா, காசைச் சுண்டிப் போட்டுப் பாத்துடேன்."

"தொகுதியோட தலையெழுத்தைக் காசு சுண்டியா தீர்மானிக்கறது? வெக்கமா இல்ல உங்களுக்கு?"

"அப்ப நீயே ஏதாவது பண்ணு."

பண்ணினாள். ராத்திரிச் சாப்பாட்டைத் தொடாமல் யோசித்து, மூன்றாவது விதியை எழுதினாள். சரிசமமாக வந்தால், தொகுதியில் அதிக ஊர்களுக்குப் போய் மக்களைச் சந்தித்தவருக்கே இடம். நாடீன் மாவட்டச் செவிலி. தடுப்பூசி வண்டியோடு அவள் மிதிக்காத ஊர் கிடையாது. அந்தக் கடிகாரக் கோமாளி எங்கே போயிருப்பான்? எழுதி முடித்ததும் வெர்னாவுக்கு மாதக்கணக்கில் முதல் தடவையாகப் பசித்தது.

இரண்டு பேரும் கட்சி அலுவலகத்துக்கு வந்தார்கள். ஆறு வழக்கறிஞர்களும் அழையாமலே வந்து சுவரோரமாக நின்றார்கள். வேடிக்கை பார்க்க என்றுதான் சொன்னார்கள்.

நாடீன் தான் போன ஊர்களைச் சொல்லச் சொல்ல வெர்னா தலையாட்டிக்கொண்டே வந்தாள். பாதியில் ஒரு வழக்கறிஞர் தொண்டையைச் செருமினார்.

"மன்னிக்கணும். இதெல்லாம் தடுப்பூசி போடப் போனதுதானே? சம்பளத்துக்குப் போன வேலை. அரசாங்க வண்டில போயி ஓட்டுக் கேட்டேன்னு அம்மா சொன்னா, அது சட்டப்படி குத்தம். ஓட்டுக் கேக்கலைன்னு சொன்னா, இது கணக்குல வராது. எதுன்னு அவங்களே சொல்லட்டும்."

நாடீன் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "ஊசி போடற இடத்துல நான் ஓட்டுக் கேக்கறதில்ல" என்றாள்.

அப்படிப் பார்த்தால் அவள் போன ஊர் கொஞ்சம்தான். வாரத்தில் ஆறு நாள் வேலை பார்க்கிறவள் வேறெப்போது போவாள்?

பிங்கல் கடிகாரத்தை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு எழுந்தார். "நான் தீவன மூட்டை இறக்கற ஊரெல்லாம் போயிருக்கேன். தொகுதியில மாடு இல்லாத ஊரு எதுவும் இருக்கா? மூட்டையை எறக்கினதும் லாரி மேல ஏறி நின்னு கடிகாரத்தைப் பத்திப் பேசுவேன். சொந்த லாரி. போட்டோ இருக்கு. ஒண்ணு ரெண்டுல மாடு மட்டும்தான் நின்னு கேக்குது, அதையும் காட்டிடறேன்."

வெர்னா வழக்கறிஞரைப் பார்த்தாள். எப்போதும் ஏதாவது ஓட்டை கண்டுபிடிக்கிற அந்த மனுஷர் உதட்டைப் பிதுக்கினார். நாடீனைவிடப் பிங்கல் பக்கத்தில் நிற்பது அவர்கள் ஆறு பேருக்குமே வசதி என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பொத்துக்கொண்டு வந்த கோபத்தில், கையிலிருந்த பேனா இரண்டாக உடைந்தது.

அவள் விதி. அவள் எழுதிய, கையெழுத்துப் போட்ட, ஊரறிய வாசித்த விதி. மாற்றினால் பத்தொன்பது நோட்டீஸ் வரும்.

சாயங்காலம் நாடீன் வீட்டுக்குப் போன் போட்டாள். பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"நாடீன், நான் உனக்காகத்தான்…"

"எனக்காகவா?" நாடீன் குரலை உயர்த்தவில்லை. பகல் முழுக்க நின்ற களைப்பு அதில் இருந்தது. "முதல் விதியோட விட்டிருந்தா நான் உள்ள இருந்தேன், வெர்னா. பதினோரு பேருல ஒருத்தியா, ஒரு ஓரமா, காது மட்டும் தெரிஞ்சாலும் பேசியிருப்பேன். எனக்காக நீ எதுவும் செய்யல. அவரை வெளிய தள்ளணும், அவ்வளவுதான் உனக்கு. கதவைச் சாத்திச் சாத்தி, கடைசில நசுங்கினது என் கைதான்."

"அந்த வக்கீல் பேசினது அயோக்கியத்தனம்."

"அவருக்கு அந்த ஓட்டையைப் போட்டுக் கொடுத்தது யாரு?"

வெர்னா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"போன வாரம் இன்னொண்ணு நடந்துச்சு" என்றாள் நாடீன். "பதினெட்டு வயசுப் பொண்ணு. வழியில பாலத்துக்கிட்ட. தாயும் புள்ளையும் பிழைச்சுட்டாங்க. அதை மேடையில சொல்லணும்னு வெச்சிருந்தேன். பரவால்ல, வெச்சிடறேன். காலையில டியூட்டி."

விவாத நாள் வந்தது. மண்டபம் நிரம்பியிருந்தது. லைல் வரவில்லை, மீன் பிடிக்கப் போய்விட்டார். வெர்னா முன்வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மேடையில் ஆறு வழக்கறிஞர்கள், வானிலைக்காரர், கடைசி ஓரத்தில் கடிகாரத்தோடு பிங்கல்.

முதல் கேள்வியிலிருந்தே சந்தைக்கடைதான். ஒருவர் முடிக்கும் முன் இன்னொருவர் புகுந்தார். "என் பேரைச் சொன்னாரு, பதில் சொல்ல எனக்கு நேரம் வேணும்" என்று ஒருவர் கத்த, "நான் உங்க பேரைச் சொல்லவே இல்ல" என்று மற்றவர் கத்த, "இப்ப என்னைப் பாத்தீங்களே" என்று மூன்றாமவர் நடுவில் குதித்தார். நடத்துகிற பெண் மணியை அடித்தாள். வானிலைக்காரர் மட்டும் எந்தக் கேள்விக்கும் சிரித்த முகத்தோடு, "மேகமூட்டமாத்தான் இருக்கு, ஆனா வெளுக்கும்" என்றார்.

அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. மூடிக் கிடக்கும் பிரசவ வார்டுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?

முதல் வழக்கறிஞரிடம் ஒரு திட்டம் இருந்தது. இரண்டாமவரிடம் அதைவிடப் பெரிய திட்டம் இருந்தது. அது என் திட்டத்தைத் திருடியது என்றார் மூன்றாமவர். ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேச, ஆஸ்பத்திரி என்ற சொல்லே காதில் விழாமல் போனது. வெர்னாவுக்கு மேடையேறி ஆறு மைக்கையும் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது.

கடைசியாக முறை பிங்கலுக்கு வந்தது.

பிங்கல் கழுத்துக் கடிகாரத்தை நேராக்கிக்கொண்டார். "எனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாது" என்றார். "கன்னுக்குட்டி பிறக்கறது தெரியும். மனுஷக் குழந்தையைப் பத்தித் தெரிஞ்ச ஒரு அம்மா இந்த இடத்துல நிக்க வேண்டியவங்க. நாடீன் ஹோல்ட்ஸ்னு பேரு. இப்ப டியூட்டியில இருக்காங்க. அவங்க நிக்க வேண்டிய இடத்துல என்னை ஏன் நிறுத்தினாங்கன்னு எனக்கே புரியல. அவங்களைக் கூப்பிட்டுக் கேளுங்க. நன்றி."

பின்வரிசையில் ஒரு கிழவர் கைதட்டினார். பிறகு எல்லாரும். வெர்னாவைத் தவிர எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவளுக்கு எழுந்து நிற்கவும் முடியவில்லை, உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. இத்தனை மாசம் வளர்த்த கோபம். அதைக் கொண்டுபோய்க் கொட்ட இருந்த ஒரே இடத்தையும் அந்த ஆள் இப்படி அடைத்துவிட்டார்.

கோமாளியாக இருந்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். நல்ல மனுஷனாக வேறு இருந்து தொலைத்தார்!

மறுநாள் பேராசிரியர் நீல் மூன்றாவது தடவையாக நானூறு பேருக்கும் போன் போட்டார். அந்த வாரக் கடைசியில் முடிவைச் சொல்ல வெர்னாவைப் போனில் கூப்பிட்டார்.

"முதல் இடத்துல பிங்கல்."

"ரெண்டாவது?"

"ரெண்டாவதுன்னு சொல்ற மாதிரி பக்கத்துல யாரும் இல்லங்க. நாடீன் பேரைக் கொஞ்சம் பேரு சொல்றாங்க. ஆனா, அவங்கதான் மேடையிலேயே இல்லியே, விலகிட்டாங்க போலன்னு நினைக்கிறாங்க."

வெர்னா கண்ணை மூடிக்கொண்டாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அந்த முதல் சர்வே. நாலு பேரு. அந்த நாலு பேரும் யாரு?"

"பேரு சொல்லக் கூடாதுங்கம்மா."

"ஒருத்தரு குறைஞ்சிருந்தா அன்னிக்கே கதை முடிஞ்சிருக்கும் இல்லியா?"

"ஆமா. ரெண்டாவது சர்வேலயும் அப்படித்தான். ஒருத்தரு குறைஞ்சிருந்தாலும் நாடீன்தான் எட்டாவது." பேராசிரியர் தயங்கினார். போனில்கூட அவர் கண்ணாடி துடைப்பது தெரிந்தது. "அந்த நாலு பேருல மூணு பேரு அப்புறம் வேற வேற ஆளுக்கு மாறிட்டாங்க, புதுசா வேற ஆளுங்க வந்தாங்க. ஆரம்பத்துலேர்ந்து அசையாம நின்னது ஒரே ஆளுதான். இதுக்கு மேல கேக்காதீங்க. உங்க ஊருக்காரரு. அவ்வளவுதான் சொல்வேன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மேசையில் கொத்துக்கறியில் சுட்ட மீட்லோஃப், உருளைக்கிழங்கு மசியல், லைல் பிடித்துவந்த மீன் பொரித்து ஒரு தட்டு. வெர்னா எதையும் தொடவில்லை. கத்தியை எடுத்து மீட்லோஃபை வெட்டினாள். வெட்டியதையே திரும்பவும் வெட்டினாள்.

"இந்த ஊர்ல ஒரு துரோகி இருக்கான், லைல். இந்த ஊர்லயே! எனக்குத் தினம் வணக்கம் சொல்லிட்டு, பின்னாடி அந்தப் பிங்கலுக்கு ஓட்டு! முடி வெட்டற ஹாங்க்தான். அவன் சிரிப்பே சரியில்ல."

லைல் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

"இல்லன்னா சர்ச்சுல பியானோ வாசிக்கிறவ. பன்றிக்கறி விருந்துல அவளுக்குத் தொடைக்கறி கிடைக்கலைன்னு இன்னும் மனசுல வெச்சிருக்கா. இல்ல, இல்ல, பக்கத்து வீட்டுக்காரன்! பனியை அள்ளி நம்ம வாசல்ல தள்ளாதேன்னு சொன்னேனே, அதுக்குப் பழி வாங்கிட்டான். ஒரே ஆளு, லைல்! ஒரே ஒரு ஆளு 'பிங்கல்'னு சொல்லாம இருந்திருந்தா, இன்னிக்கு நாடீன் முதல் இடத்துல இருந்திருப்பா. வார்டு திறந்திருக்கும். யாரு அவன்? யாரா இருந்தாலும் அவன் முகத்துல இனி நான் முழிக்க மாட்டேன்!"

லைல் முள்கரண்டியைக் கீழே வைத்தார். தண்ணீர் எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"அந்தப் போனை எடுத்தது நான்தான், வெர்னா," என்றார். "யாரை ஆதரிக்கிறீங்கன்னு கேட்டாங்க, இத்தனை மாசமா இந்த வீட்ல என் காதுல விழுந்த ஒரே பேரு அதுதானே, அவரு நம்ம ஆளுன்னு நினைச்சு மூணு தடவையும் அதையே சொல்லிட்டேன்."